டார்வினும் அதைச் சுற்றிய காடும்: கிளம்புமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத் தலைநகர் டார்வின். மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் பாமர்ஸ்டனை விட்டால், ஊர் என்று சொல்லும்படியான அடுத்த இடம் கேத்தரின். அது 300 கிலோமீட்டருக்கு அப்பால். சிட்னிக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. இங்கே குடியிருப்பதால் உறவுக்காரர்களும் நண்பர்களும், அவர்களுடைய நண்பர்களும் கேட்கும் கேள்விகளுக்கு வாட்ஸாப்பில் பதில் தட்டிக்கொண்டே இருக்கிறோம். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் வரலாம்?

பெரும்பாலானவர்கள் "எதையெல்லாம் பார்க்கலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். டார்வினுக்கு வருகிறவர்கள் முதலில் மாதத்தைத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தச் சாலை திறந்திருக்கும், எந்த அருவியில் தண்ணீர் இருக்கும், எங்கே குளிக்கலாம் என்பதையெல்லாம் மாதம்தான் தீர்மானிக்கிறது.

இங்கே இருப்பவர்கள் 'ட்ரை' என்பது மே முதல் அக்டோபர் வரை. மழை கிட்டத்தட்டக் கிடையாது. பகலில் 30 டிகிரியை ஒட்டி வெயில், இரவில் 20 டிகிரி வரை இறங்கும் குளிர்ச்சி. 'வெட்' என்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அப்போதே கொட்டித் தீர்த்துவிடும். இரண்டுக்கும் நடுவே, அக்டோபர், நவம்பர் வாக்கில் வருவது 'பில்ட்-அப்'. மேகம் திரளும், இடி இடிக்கும், ஆனால் மழை வராது. புழுக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். மாங்காய் பழுக்கும் அந்தச் சமயத்தில் மனிதர்களுக்குக் கொஞ்சம் புத்தி தடுமாறும் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

"நாங்கள் சென்னைக்காரர்கள், வெயில் எங்களை என்ன செய்யும்" என்று நவம்பரில் வந்து இறங்கியவர்கள் உண்டு. இரண்டாம் நாளே ஏசி அறையை விட்டு வெளியே வரவில்லை. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி, டார்வின் தெற்கே பன்னிரண்டரை. கணக்குப்படி இரண்டும் ஒரே மாதிரிதான், ஆனால் பில்ட்-அப் நாட்களில் மாலையானாலும் கடற்காற்று நம்மைக் காப்பாற்ற வராது.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் வர முடியும் என்றால் மே கடைசி வாரத்தைப் பிடியுங்கள். மே தொடக்கத்தில் பல உள்சாலைகள் வெள்ளத்தால் இன்னும் மூடியே இருக்கும். மாதம் எதுவானாலும் சரி என்பவர்களுக்கு என் ஓட்டு ஜூன் அல்லது ஜூலைக்கு.

ககாடு என்ற தேசியப் பூங்காப் பகுதியின் ஆதிக்குடிகளான பினிஞ் மக்கள் இரண்டு பருவத்தோடு நிறுத்துவதில்லை, ஆறு வைத்திருக்கிறார்கள். நமக்கும் கார், கூதிர் என்று ஆறு பெரும்பொழுது இருப்பதால் இது சட்டென்று பிடிபடும். குஜெவ் என்பது பெருமழைக் காலம். பாங்கரெங் என்ற பருவத்தில் கடைசிப் புயல்மழை வந்து உயர்ந்த புல்லைத் தரையோடு சாய்த்துவிட்டுப் போகும். யெகே கொஞ்சம் குளிர்ச்சியான, பனிமூட்டமான நாட்கள். நான் சொல்லும் ஜூன், இந்த யெகே முடிந்து வுர்கெங் என்ற குளிர்காலம் ஆரம்பிக்கும் சமயம்.

எப்படி வந்து சேருவது?

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. சிங்கப்பூர் வந்து மாறினால் அங்கிருந்து சுமார் நாலரை மணி நேரம். சிட்னி, மெல்பர்ன் வழியாக வந்தால் கண்டத்தையே குறுக்கே கடந்து திரும்பி வருவது போலாகும். அங்கே வேறு வேலை இருந்தால் மட்டும் அப்படி வாருங்கள். விசாவை முன்னதாகவே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். நேர வித்தியாசம் சுலபம்: இந்தியா, இலங்கை நேரத்தோடு சரியாக நான்கு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஊறுகாய், பொடி கொண்டு வரலாமா?

எதைக் கொண்டு வந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் உணவுப்பொருள் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். குறித்தால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அம்மா கொடுத்தார்கள் என்ற காரணம் எந்த நாட்டுச் சுங்கத்திலும் எடுபட்டதில்லை.

எத்தனை நாள் வேண்டும்?

ஒரு வாரம். நகருக்கு இரண்டு நாள், லிச்ஃபீல்ட் தேசியப் பூங்காவுக்கு ஒன்று, ககாடுவுக்கு குறைந்தது மூன்று. மூன்றே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ககாடுவை விட்டுவிடுங்கள். காலையில் கிளம்பி இரவே திரும்பும் ககாடு சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன, ஆனால் அதில் போனால் அதிகம் பார்ப்பது பேருந்தின் ஜன்னலைத்தான்.

நகரத்திலேயே பார்க்க என்ன இருக்கிறது?

நகரம் புதுசாகத் தெரியும், அதற்குக் காரணம் உண்டு. 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வினைக் குண்டுவீசித் தாக்கின. சில வாரங்களுக்கு முன் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே கப்பற்படைதான். அன்று ஒரு நாளில் 230 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு 1974 கிறிஸ்துமஸ் இரவில் ட்ரேசி புயல். காற்றின் வேகம் மணிக்கு 217 கிலோமீட்டரைத் தொட்டபோது விமான நிலையத்தில் இருந்த அளவுக் கருவியே பழுதாகிவிட்டது. ஊரின் கட்டடங்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் அழிந்தன, 66 பேர் இறந்தார்கள், 30,000 பேருக்கு மேல் விமானத்திலும் காரிலும் தெற்கே அனுப்பப்பட்டார்கள். இன்று நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு கட்டியது.

ஃபேனி பே பக்கம் இருக்கும் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே ஓர் இருட்டறையில் நின்றால், அந்தப் புயல் இரவில் பதிவான சத்தத்தைக் கேட்கலாம். தகரம் கிழிகிற ஒலியும் காற்றின் ஊளையும் தவிர வேறெதுவும் இல்லை. கஜா, தானே என்று புயல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அறை கொஞ்சம் கனமாக இருக்கும். அதே கட்டடத்தில் 'ஸ்வீட்ஹார்ட்' என்ற முதலையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 5.1 மீட்டர் நீளம், 780 கிலோ. எழுபதுகளில் மீன்பிடிப் படகுகளின் மோட்டாரைக் கடித்துக் குதறிய ஆசாமி. ஆளை யாரையும் தின்னவில்லை. 1979-ல் பிடித்து இடம் மாற்றப் பார்த்தபோது செத்துப்போனது.

வியாழன், ஞாயிறு மாலைகளில் மிண்டில் கடற்கரையில் சந்தை கூடும், ட்ரை மாதங்களில் மட்டும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டு, தட்டில் சோறோ சூப்போ வாங்கி வைத்துக்கொண்டு, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பார்கள். மெரினாவில் உதயம் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு நல்ல மாற்றம்.

கடலில் குளிக்கலாமா?

கூடாது. கண்ணுக்கு முன் நீலமாகக் கடல் விரிந்து கிடக்கும், ஒருவரும் இறங்க மாட்டார்கள். அக்டோபர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி என்ற நச்சுச் சொறிமீன் வரும். அது சுற்றினால் உயிருக்கே ஆபத்து. வருடம் முழுக்க முதலை உண்டு. வாட்டர்ஃபிரன்ட் பகுதியில் செயற்கை அலைக்குளமும் வலைக்குள் பாதுகாத்த கடல்நீர்க் குளமும் இருக்கின்றன. அங்கே குளியுங்கள்.

கடல் சம்பந்தமாக இன்னொன்று: டார்வின் துறைமுகத்தில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் எட்டு மீட்டர் வரை போகும். நம் கரையில் ஒரு மீட்டர்தான். காலையில் பாறை மேல் நடந்து போய் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால், திரும்புகிற வழி தண்ணீருக்குள் இருக்கும்.

முதலை பயம் உண்மையா, சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்வதா?

உண்மை. ஐம்பது, அறுபதுகளில் தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் வட பிராந்தியத்தில் உப்புநீர் முதலைகள் சில ஆயிரமாகக் குறைந்துவிட்டன. 1971-ல் வேட்டையைத் தடை செய்தார்கள். இப்போது சுமார் ஒரு லட்சம். அதாவது இந்தப் பிராந்தியத்தில் இரண்டரை மனிதருக்கு ஒரு முதலை. துறைமுகத்திலும் சுற்றுப்புறத்திலும் கூண்டு வைத்து வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் பிடிக்கிறார்கள்.

'சால்ட்டி' என்று கூப்பிடும் இந்த உப்புநீர் முதலை, பெயரில்தான் உப்பு. நன்னீர் ஆற்றிலும், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் குட்டையிலும் இருக்கும். கலங்கிய தண்ணீரில் ஒரு முழ ஆழத்தில் அப்படியே மறைந்து கிடக்கும். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பீர்கள். இங்கே சுவர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். 'ஃப்ரெஷி' என்கிற நன்னீர் முதலை சின்னது, வாய் ஒடுங்கியிருக்கும், சீண்டாவிட்டால் பொதுவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் வந்த முதல் நாளே இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துக் கண்டுபிடிக்கும் பரீட்சையில் இறங்க வேண்டாம்.

நடைமுறையில் இவ்வளவுதான்: தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஒரே இடத்தில் தினமும் போய் கை, பாத்திரம் கழுவாதீர்கள், அது கவனித்துவிடும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் முதலையும் இல்லை என்று அர்த்தமில்லை. குளிக்கலாம் என்று அன்றைய தேதிக்கு அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்திருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

பார்க்க ஆசையா? அடிலெய்ட் ஆற்றில் படகில் கூட்டிப்போய், கம்பில் இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு முதலையைத் துள்ள வைக்கிறார்கள். குழந்தைகள் கத்திக் குதிப்பார்கள். எனக்கு அது சர்க்கஸ் மாதிரிதான் தோன்றுகிறது. ககாடுவின் கிழக்கு எல்லையில் கேஹில்ஸ் கிராசிங் என்ற தரைப்பாலம் இருக்கிறது. கடல் ஏற்றம் ஆற்றுக்குள் வரும்போது கூடவே மீன்கள் வரும். அந்த நேரம் பார்த்து முதலைகள் பாலத்தை ஒட்டி வரிசையாக வாயைத் திறந்து காத்திருக்கும். மேலே கட்டியிருக்கும் மேடையில் நின்று அதைப் பார்ப்பது எத்தனையோ மேல், காசும் இல்லை. ஏற்ற நேரத்தை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

லிச்ஃபீல்டா, ககாடுவா?

குளிக்க லிச்ஃபீல்ட், பார்க்க ககாடு. லிச்ஃபீல்ட் தேசியப் பூங்கா ஒன்றரை மணி நேரப் பயணம். ஃப்ளோரன்ஸ் அருவி, வாங்கி அருவி, பாறைக்குழிகள் அடுக்கடுக்காக இறங்கும் பியூலி ராக்ஹோல் என்று ட்ரை மாதங்களில் தண்ணீரை விட்டு வெளியே வர மனம் வராது. வழியில் காந்தக் கறையான் புற்றுகளைப் பாருங்கள். கல்லறைக் கற்கள் போல் தட்டையாக, எல்லாம் வடக்கு தெற்காக நிற்கும். காலை, மாலை வெயிலை அகலமான பக்கத்தில் வாங்கி, உச்சி வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டி உள்ளே சூட்டைச் சமாளிக்கிற ஏற்பாடு. லிச்ஃபீல்டுக்கு வெளியூர்க்காரர்கள் பூங்கா அனுமதிச் சீட்டை ஆன்லைனில் எடுக்க வேண்டும். ககாடுவுக்கு வேறு சீட்டு.

ககாடுவில் எதைத் தவறவிடக் கூடாது?

ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. அதனால் 'ககாடுவைப் பார்த்துவிட்டேன்' என்று யாரும் சொல்ல முடியாது. 1981 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும். மூன்று இடம் சொல்கிறேன்.

முதலாவது உபிர். பாறைக் குகைகளின் சுவரில் பாரமுண்டி மீன், ஆமை, வல்லபி என்ற சின்ன கங்காரு என்று வரைந்திருக்கிறார்கள். மீனின் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் வெளியே தெரிகிற மாதிரி, எக்ஸ்ரே எடுத்தது போன்ற பாணி. மேலே ஓர் இடத்தில் தைலசின் என்கிற, நாய் போன்ற உடம்பில் புலி மாதிரி வரிகள் கொண்ட விலங்கு இருக்கிறது. அது ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அழிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. பார்த்தவர்தான் வரைந்திருக்க வேண்டும். அப்படியே பாறை மேல் ஏறினால் நடாப் வெள்ளச் சமவெளி, பச்சைப்பசேலென்று தஞ்சாவூர்ப் பக்கம் போல விரிந்து கிடக்கும். சூரியன் மறையும்வரை இருங்கள்.

இரண்டாவது புருங்குய், பழைய வரைபடங்களில் நூர்லாஞ்சி என்று இருக்கும். இங்கே மின்னலை உண்டாக்கும் நமர்கோனின் ஓவியம் இருக்கிறது. உடம்பைச் சுற்றி வளைந்து போவது மின்னல். முழங்காலிலும் முழங்கையிலும் கட்டியிருக்கும் கல் கோடாரிகளால் மேகத்தை உடைத்து இடியை உண்டாக்குகிறார் என்பது ஐதீகம். நாம் இந்திரனிடம் வஜ்ராயுதத்தைக் கொடுத்தோம், இவர்கள் மூட்டுக்கு மூட்டு கோடாரி கட்டிவிட்டார்கள். மழைக்கு முன்னால் ஆரஞ்சும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி வெளிப்படும். அதை நமர்கோனின் பிள்ளைகள் என்பார்கள்.

மூன்றாவது யெல்லோ வாட்டர் நீர்நிலையில் படகு. சூரியன் எழும் நேரத்துப் படகையே எடுங்கள், நடுப்பகல் படகு பாதி வீண். தாமரை, அல்லி இலைகள் மேல் இலைக்கோழி நடந்து போகும். உடம்பைவிட விரல்கள் பெரிசோ என்று தோன்றும். ஆண் பறவைதான் குஞ்சு வளர்க்கும். ஆபத்து என்றால் குஞ்சுகளை இரண்டு இறக்கைக்குள்ளும் அள்ளி இடுக்கிக்கொண்டு நடக்கும். வெளியே குஞ்சுகளின் கால்கள் மட்டும் குச்சி குச்சியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஜிம் ஜிம் அருவி பற்றி எல்லோரும் கேட்பார்கள். சுமார் 200 மீட்டர் செங்குத்துப் பாறை. சிக்கல் என்னவென்றால், அருவி கொட்டும் மாதங்களில் சாலை வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். சாலை திறந்து சில வாரத்தில் அருவி நூலாகிவிடும். கொட்டுவதைப் பார்க்க, ககாடுவுக்குள் இருக்கும் ஜபிரு என்ற சிற்றூரிலிருந்து சிறு விமானம்தான் வழி.

ஓவியங்களைப் படம் எடுக்கலாமா? ஆதிக்குடி மக்களிடம் எப்படிப் பழகுவது?

தடைப் பலகை இல்லாத இடத்தில் எடுக்கலாம், தொடக் கூடாது. மனிதர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் வீட்டுக் கல்யாணத்தை யாரோ வழிப்போக்கர் வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? டார்வின் லாரக்கியா மக்களின் நிலம், ககாடு பினிஞ், முங்குய் மக்களுடையது. ககாடு பகுதியில் மஜெட்பெபெ என்ற பாறைக்குடிலில் கிடைத்த பொருள்களின் வயதை 65,000 ஆண்டு என்று 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது. கேஹில்ஸ் கிராசிங்குக்கு அந்தப் பக்கம் ஆதிக்குடிகளின் நிலமான ஆர்னம் லேண்ட். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே நுழையக் கூடாது.

ஆர்னம் லேண்டின் வடகரையில் பழைய புளியமரங்கள் நிற்கின்றன. வெள்ளைக்காரர்கள் குடியேறுவதற்கு முன்பே, கடல் அட்டை எடுக்க சுலாவெசித் தீவின் மக்காசர் ஊரிலிருந்து வருடாவருடம் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் தின்று துப்பிய கொட்டையிலிருந்து முளைத்தவை. கடல் அட்டை ராமநாதபுரம், யாழ்ப்பாணம் பக்கத்தில் தெரிந்த சரக்குதான். இரண்டு கடலிலிருந்தும் போய்ச் சேர்ந்தது சீனச் சமையலறைக்கே.

கார் எடுத்து ஓட்டலாமா? ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா?

ஓட்டலாம். நம்மைப் போல இடது பக்கம்தான். ஆங்கிலத்தில் அச்சிட்ட உரிமம் இருந்தால் போதும், ஆனாலும் சர்வதேச அனுமதியைக் கையோடு எடுத்து வாருங்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் சிலர் கேட்பார்கள். உபிர், புருங்குய், யெல்லோ வாட்டர், லிச்ஃபீல்டின் முக்கிய அருவிகள் எல்லாவற்றுக்கும் தார்ச்சாலை. சாதாரண காரே போதும். ஜிம் ஜிம் போன்ற மண்பாதைக்குத்தான் ஃபோர் வீல் டிரைவ். சாதாரண காரை மண்பாதையில் இறக்கினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நெடுஞ்சாலையில் சில பகுதிகளில் 130 கிலோமீட்டர் வேகம் வரை சட்டப்படி போகலாம். அதற்காகப் போக வேண்டும் என்றில்லை. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். வல்லபி, மாடு, எருமை எதுவும் குறுக்கே வரும். எருமை இந்த மண்ணுக்குரியதல்ல, 1820களில் ஆங்கிலேயர்கள் கப்பலில் கொண்டு வந்து இறக்கியது. பிறகு காடு ஏறிப் பெருகிவிட்டது. அப்புறம் ரோட் ட்ரெயின். மூன்று, நான்கு டிரெய்லர் பூட்டிய லாரி, 53 மீட்டர் வரை நீளம். முந்துவதற்கு எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியாகத் தெரிந்தால் மட்டும் முயலுங்கள். இல்லையென்றால் பின்னாலேயே போங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

டாங்க் பாதியானால் பெட்ரோல் போட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருகிறவர்களுக்கு மனிதரைவிடக் கார் சீக்கிரம் கண்ணில் படும்.

வழியெல்லாம் காடு எரிகிறதே, திரும்பிவிடலாமா?

ட்ரை தொடக்கத்தில் நீங்கள் பார்க்கும் நெருப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே வைத்தது. புல்லில் ஈரம் இருக்கும்போதே சின்னச் சின்னதாக எரித்துவிட்டால், செப்டம்பர் வெயிலில் பெருந்தீ பிடிக்காது. ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது, பூங்கா ஊழியர்களும் இதையே செய்கிறார்கள். எரியும் ஓரத்தில் கரும்பருந்துகள் வட்டமிடும், தப்பி ஓடும் வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடிக்க. சாலையை மூடவில்லை என்றால் ஜன்னலை ஏற்றிவிட்டு மெதுவாகக் கடந்து போங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

டார்வினில் கவலையே இல்லை. இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ரேப்பிட் கிரீக் சந்தைக்குப் போனால் வெண்டைக்காய், பாகற்காய், காராமணிக்காய் என்று நம் சமையலறைக்கு வேண்டியதெல்லாம் குவிந்து கிடக்கும். வியட்நாமியக் குடும்பங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விளைவிக்கிறார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமை பாராப் சந்தையில் லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சூப் குடியுங்கள். இந்த ஊர்க்காரர்கள் காலை எட்டு மணிக்கே அதற்கு வரிசையில் நிற்பார்கள். ககாடுவில் கதை வேறு. ஜபிருவில் ஒரு சூப்பர்மார்க்கெட், சில உணவகங்கள். அரிசி, பருப்பு, ஒரு சின்ன குக்கரோடு சமையலறை உள்ள அறையாக எடுத்துவிட்டால் நிம்மதி.

பச்சை எறும்பு சாப்பிடச் சொன்னால் தயங்காதீர்கள் (சைவர்கள் மன்னிக்க). நம் மாந்தோப்பில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு இருக்கிறதே, அதே இனம்தான். அங்கே சிவப்பு, இங்கே வயிறு பச்சை. பின்பக்கத்தை நாக்கில் தொட்டால் எலுமிச்சைப் புளிப்பு சுரீரென்று ஏறும். கடித்தால் வலி மட்டும் நம் ஊர் முசுறு மாதிரியேதான்.

டிசம்பரில்தான் லீவு. வரவே கூடாதா?

வரலாம், வேறு ஊரைப் பார்க்கிறோம் என்று நினைத்து வர வேண்டும். அறை வாடகை குறைவு, கூட்டம் இல்லை. மதியம், டார்வினுக்கு வடக்கே கடலில் இருக்கும் திவி தீவுகளுக்கு மேல் 'ஹெக்டர்' என்று பெயரே வைத்துவிட்ட ஒரு இடிமேகம் அடிக்கடி எழும். பில்ட்-அப் சமயத்தில் அநேகமாகத் தினமும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும், கடிகாரம்கூட வேண்டாம். மாலையில் ஈஸ்ட் பாயின்ட்டில் உட்கார்ந்து மின்னலைப் பார்க்கலாம். ஆனால் உபிருக்குப் போகும் சாலையை மகேலா ஓடை வெட்டிவிடலாம், லிச்ஃபீல்டில் குளிக்குமிடங்களை மூடுவார்கள், புயல் எச்சரிக்கையில் விமானம் ரத்தாகலாம். தள்ளிப்போட முடியாத திருமணம் ஊரில் காத்திருக்கிறது என்றால் அந்த மாதம் வேண்டாம்.

அம்மா, அப்பாவைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. படகுப் பயணம், அருங்காட்சியகம், சந்தை எதிலும் சிரமமில்லை. உபிரில் ஓவியங்கள் வரை பாதை சமம். மேலே ஏறுவதுதான் முழங்காலைப் பிடிக்கும். பெரியவர்களுக்குப் பிடிக்கும் இன்னோர் இடம், நகரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஃபாக் அணை. ஐம்பதுகளில் இங்கே பெரிய அளவில் நெல் விளைவிக்க அமெரிக்கப் பணத்தோடு ஒரு திட்டம் போட்டார்கள். உப்பு மண், தண்ணீர்ச் சிக்கல், போதாததற்கு ஆயிரக்கணக்கில் இறங்கி வயலை மேய்ந்த மேக்பை வாத்துகள். சில வருடத்தில் கைவிட்டார்கள். இப்போது அந்த அணை முழுக்கப் பறவைகளுக்கே. விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாரையும் அங்கே கூட்டிப்போனால், எங்கே தப்பு நடந்தது என்று கரையில் நின்றே விளக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போன் வேலை செய்யுமா?

ஊரைத் தாண்டினால் பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா நிறுவன இணைப்புதான், அதுவும் ஜபிரு, கூயிண்டா போன்ற இடங்களைச் சுற்றித்தான். நடுவே நூறு கிலோமீட்டருக்கு ஒன்றும் வராது. வரைபடத்தைப் பதிவிறக்கி வையுங்கள், எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் போன் எடுக்க மாட்டேன் என்று. இல்லையென்றால் எங்களுக்குத்தான் போன் வரும்.